யாருடைய சொல்லுக்குச் சிவப்புக் கோடு?

தோழர்களே, ஒரு சின்னப் பரிசோதனை. கம்ப்யூட்டரில் ஆங்கில ஆவணம் ஒன்றைத் திறந்து 'பரையா' என்ற ஆங்கிலச் சொல்லை அடித்துப் பாருங்கள். ஒதுக்கப்பட்டவன், யாரும் சேர்த்துக்கொள்ளாதவன் என்று அதற்குப் பொருள். சொல்லுக்கு அடியில் எந்தக் கோடும் வராது. பிரெஞ்சில் 'பாரியா' என்று அடித்தாலும் வராது. இப்போது 'பறையர்' என்ற நம் மக்களின் பெயரை அதே ஆங்கில எழுத்தில் அடியுங்கள். பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் சிவப்பு நெளிகோடு விழும். ஒரு சமூகத்தின் பெயரை எடுத்து இழிசொல்லாக மாற்றினால் அது 'சரியான சொல்'. அந்தச் சமூகமே தன்னை அழைக்கும் பெயர் 'பிழை'.

இது மெஷின் செய்த சதி என்று நாங்கள் சொல்லவில்லை. மெஷினுக்குச் சாதி தெரியாது. அதனிடம் இருப்பது ஒரு சொற்பட்டியல் மட்டுமே. ஆனால் அந்தப் பட்டியலை மனிதர்கள் தொகுத்தார்கள், ஏற்கெனவே இருந்த புத்தகங்களிலிருந்து தொகுத்தார்கள். எந்தச் சொல் உள்ளே, எந்தச் சொல் வெளியே என்ற முடிவுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் நம் ஊருக்கும் பங்கு இருக்கிறது.

முதலில் தொழில்நுட்பத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1971இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் கோரின் என்பவர் ஆங்கிலத்துக்கு எழுத்துப்பிழை திருத்தி ஒன்றை எழுதினார். கொடுக்கப்பட்ட சொல் பட்டியலில் இருக்கிறதா, இல்லையென்றால் அதற்கு நெருக்கமான சொல் எது என்று பார்ப்பதுதான் அதன் வேலை. அடிப்படை இன்றும் அதுதான். தட்டும்போதே சிவப்பு நெளிகோடு போடும் வழக்கத்தை 1995இல் வந்த மைக்ரோசாஃப்ட் வேர்டு பரவலாக்கியது. இன்று லிப்ரே ஆஃபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், குரோம் போன்ற பல மென்பொருள்களுக்குள் இருப்பது 'ஹன்ஸ்பெல்'. ஹங்கேரிய மொழிக்காக நேமெத் லாஸ்லோ எழுதிய இலவச மென்பொருள் அது. அதில் ஒரு மொழிக்கு இரண்டு ஃபைல்கள். ஒன்றில் வேர்ச்சொற்கள், மற்றொன்றில் அந்த வேர்களோடு ஒட்டும் விகுதிகளின் விதிகள். ஆங்கிலம் போலன்றி, ஹங்கேரிய மொழியும் தமிழும் விகுதி மேல் விகுதி ஒட்டும் மொழிகள். 'வீடு' என்பதிலிருந்து 'வீட்டிலிருந்துதானே' வரை மெஷின் புரிந்துகொள்ள வேண்டும். பட்டியல் மட்டும் போதாது, விதியும் வேண்டும்.

இதோடு மூன்றாவதாக இன்னொரு ஃபைலும் இருக்கிறது. கோடு விழுந்த சொல்லின் மீது ரைட் கிளிக் செய்து 'அகராதியில் சேர்' என்று கொடுத்தால் அந்தச் சொல் போய் உட்காரும் இடம் அது. பயனரின் சொந்த அகராதி. கம்பெனி கொடுத்த அகராதி அரசாங்கம் என்றால், இது நம் கைக்குள் இருக்கும் பஞ்சாயத்து. இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது ஃபைலைப் பற்றியது.

கம்ப்யூட்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே தமிழுக்கு அகராதிகள் வந்துவிட்டன. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல் முடிந்தது. புதுச்சேரியின் கத்தோலிக்க மிஷன் அச்சகத்தில் 1855இலும் 1862இலும் இரண்டு பாகங்களாக ஒரு தமிழ்–பிரெஞ்சு அகராதி வெளிவந்தது. மூஸ்ஸே, துப்புயி என்ற இரண்டு பிரெஞ்சுப் பாதிரியார்கள் தொகுத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. பின்னிணைப்பு 1939இல். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். பெரும் உழைப்பு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இவற்றின் அடித்தளம் பெரும்பாலும் ஏட்டிலும் அச்சிலும் இருந்த இலக்கியம், புலவர்கள், முந்தைய அகராதிகள். படிப்பும் ஏடும் யாருக்கு மறுக்கப்பட்டிருந்தனவோ அவர்களுடைய பேச்சு, 'வட்டார வழக்கு', 'கொச்சை' என்ற முத்திரையோடுதான் உள்ளே வர முடிந்தது. பல சொற்கள் வரவே இல்லை.

பேச்சுத்தமிழை எழுதினால் பிழை என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரியான விதியா? இல்லை. நம் ஊர் ஆனந்தரங்கப் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷி. 1736இல் தொடங்கி 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அதில் 'முசே' என்றும் 'கும்பினி' என்றும் காதில் விழுந்தபடி எழுதினார். பேச்சுவழக்கை அப்படியே எழுதினார். இன்றைய எந்த எழுத்துப்பிழை திருத்தியில் அந்தப் பக்கங்களைப் போட்டாலும் சிவப்பாகவே இருக்கும். ஆனாலும் யாரும் அதைப் பிழைமிகுந்த பிரதி என்று ஒதுக்கவில்லை. வரலாற்று ஆவணம் என்று போற்றுகிறோம், அது சரியும்கூட. அதே மதிப்பை, நிலமற்ற ஒரு பெண் காவல்நிலையத்தில் சொல்லும் 'இட்டுக்கினு போனாங்க' என்ற சொல்லுக்கு நாம் கொடுக்கிறோமா? பிரெஞ்சு சமூகவியலாளர் பூர்தியூ சொன்னது இதைத்தான்: மொழியின் மதிப்பு சொல்லில் இல்லை, சொல்பவர் நிற்கும் இடத்தில் இருக்கிறது.

அந்த இடத்தை மாற்றும் வேலையை நம் முன்னோர்கள் சொல்லிலிருந்தே தொடங்கினார்கள். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நம் மக்களைப் 'பூர்வத் தமிழர்' என்று பதியச் சொல்லி வற்புறுத்தினார் அயோத்திதாசர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி வாரந்தோறும் சொற்களைத் திறந்து பார்த்தார். 'வேஷ பிராமணர்', 'யதார்த்த பிராமணர்' என்று அவர் பிரித்து எழுதியது வெறும் வசையல்ல. ஒரு சொல்லுக்கு ஊர் கொடுத்திருந்த பொருளை ஏற்க மறுத்து, வேறு பொருளைப் பதிவு செய்யும் அகராதி வேலை. அவருடைய சொற்பிறப்பு விளக்கங்கள் எல்லாவற்றையும் இன்றைய மொழியியல் ஏற்காது. ஆனால் சொல்லின் பொருளைத் தீர்மானிக்கும் உரிமை எங்களுக்கும் உண்டு என்ற அந்தக் குரல் இன்றும் பழையதாகவில்லை.

நம் தலைவர்கள் எல்லோரும் ஒரே சொல்லைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். அயோத்திதாசர் தவிர்க்க விரும்பிய 'பறையன்' என்ற பெயரையே 1893இல் தன் பத்திரிகைக்குச் சூட்டினார் இரட்டைமலை சீனிவாசன். வசையாக வீசப்பட்ட பெயரை நிமிர்ந்து நின்று சொல்வது அவர் வழி. 1922இல் சென்னை சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து 'பறையர்', 'பஞ்சமர்' என்ற சொற்களுக்குப் பதிலாக 'ஆதிதிராவிடர்' என்ற சொல் அரசு ஆவணங்களுக்குள் வந்தது. 'அரிஜன்' என்ற காந்தியின் சொல்லை அரசு மசோதாவில் புகுத்தியபோது, 1938இல் பம்பாய் சட்டமன்றத்திலிருந்து அம்பேத்கரும் அவருடைய கட்சியினரும் வெளிநடப்பு செய்தார்கள். சாதிச் சான்றிதழில் 'அரிஜன்' என்று எழுதக் கூடாது என்று மத்திய உள்துறை சொன்னது 1982இல்தான். இடையில் 44 ஆண்டுகள். 1972இல் மும்பையில் தலித் பாந்தர்ஸ் எழுந்த பிறகு நாடு முழுக்கப் பரவிய 'தலித்' என்ற சொல்லை, 2018இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஊடகங்கள் தவிர்க்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாகத் தமிழ்நாடு முதல்வர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். சேர்ப்பது, நீக்குவது, மாற்றுவது என்று நூற்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடப்பது அகராதிச் சண்டைதான்.

புதுச்சேரியில் இந்தச் சண்டைக்கு இன்னொரு முகமும் உண்டு. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. இந்து, முஸ்லிம் என்ற தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர விரும்புகிறவர்கள் பதிவு செய்துகொள்ளலாம். இவர்களை 'ரெனோன்சான்' என்பார்கள். துறந்தவர்கள் தங்களுக்கு ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்களில் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள் பலர். பெயரைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும் ஊரில், புதுப் பெயர் என்பது புது வாசல். அந்தப் பெயர்கள் பிரெஞ்சு எழுத்தில் சிவில் பதிவேட்டில் ஏறின. இன்று அதே பெயரைத் தமிழில் எழுதினால் ஒரு எழுத்துக்கூட்டல், இந்திய ஆங்கில ஆவணத்தில் ஒன்று, பிரெஞ்சு ஆவணத்தில் வேறொன்று. மூன்றில் ஒன்றை மட்டும் 'சரி' என்று திருத்துகிற மென்பொருள், ஒரே ஆளை மூன்று ஆளாக்கிவிடும்.

ஊரின் பெயரே இதற்குச் சாட்சி. 2006 அக்டோபர் 1 முதல் ஆங்கிலத்திலும் நம் ஊர் 'புதுச்சேரி'. நாடாளுமன்றம் சட்டம் போட்டு மாற்றியது. ஆனால் அதற்கு முன்பு தயாரான எந்த மென்பொருள் அகராதிக்கும் இந்தப் பெயர் தெரியாது. சட்டம் மாறினாலும் பட்டியலை யாராவது உட்கார்ந்து மாற்றினால்தான் மாறும்.

பட்டியல் என்ற சொல்லை நாங்கள் தெரிந்தேதான் பயன்படுத்துகிறோம். நம்மைப் 'பட்டியல் சாதியினர்' என்று அரசு அழைப்பதே ஒரு சொற்பட்டியலை வைத்துத்தான். புதுச்சேரிக்கான பட்டியல் 1964இல் குடியரசுத் தலைவர் ஆணையாக வந்தது. அரசியல் சட்டத்தின் 341ஆவது பிரிவின்படி, ஒருமுறை அறிவித்த பட்டியலில் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும். பட்டியலில் உள்ளதை உள்ளபடியே படிக்க வேண்டும், 'இதுவும் அதுவும் ஒன்றுதான்' என்று நீதிமன்றமோ மாநில அரசோ சேர்த்துப் படிக்க முடியாது என்று 2000ஆம் ஆண்டு மிலிந்த் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது.

இதன் விளைவு என்ன? சத்தீஸ்கரில் சில பழங்குடிச் சமூகங்களின் பெயரைத் தேவநாகரியில் எழுதும்போது வந்த எழுத்து வேறுபாட்டால், சான்றிதழும் சலுகையும் கிடைக்காமல் மக்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். அந்த மாற்று எழுத்து வடிவங்களைப் பட்டியலில் சேர்க்க 2023இல் நாடாளுமன்றமே ஒரு திருத்தச் சட்டம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் ஏழு பெயர்களை 'தேவேந்திரகுல வேளாளர்' என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவர 2021இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது. கம்ப்யூட்டரில் ரைட் கிளிக் செய்து சேர்ப்பதை, இங்கே குடியரசுத் தலைவர் கையெழுத்து போட்டுச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஓர் எழுத்து மாறினால் ஒரு பிள்ளையின் கல்லூரிச் சீட்டு போகும் நாட்டில், எழுத்துப்பிழை என்பது இலக்கண ஆசிரியரின் கவலை மட்டுமல்ல.

அடுத்தது காவல்நிலையம். எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் ஐந்தாவது விதியை ஒவ்வொரு களப்பணியாளரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொல்லும் புகாரை அதிகாரி எழுத்தில் பதிய வேண்டும், சொன்னவருக்குப் படித்துக் காட்ட வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும், நகலை இலவசமாகத் தர வேண்டும். பொதுப் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவது 3(1)(எஸ்) பிரிவின் கீழ் குற்றம். அப்படியானால் என்ன சொல் சொன்னான் என்பதே சாட்சியம். அந்தச் சொல்லை மென்பொருள் வேறு சொல்லாகத் 'திருத்தினால்', சாட்சியம் திருத்தப்படுகிறது. ஒருவர் 'நிறுத்திக்கினு திட்னாரு' என்று சொன்னதை 'நிறுத்திக்கொண்டு திட்டினார்' என்று தட்டச்சு செய்துவிட்டு, குறுக்கு விசாரணையில் 'இது உங்கள் வார்த்தையா?' என்று வழக்கறிஞர் கேட்டால் அவர் என்ன சொல்வார்? படித்தவரின் தமிழில் இருக்கும் வாக்குமூலம், சொல்லிக்கொடுத்த வாக்குமூலம் என்ற சந்தேகத்துக்கு வழி திறக்கும்.

ஆகவே வேலையில் இறங்குவோம். சங்க அலுவலகத்திலும் மாணவர் அறையிலும் உள்ள கம்ப்யூட்டரில் செய்யக்கூடியவை இவை.

முதலாவது, வாக்குமூலம் தட்டச்சு செய்யும்போது தானாகத் திருத்தும் வசதியை முழுவதும் நிறுத்திவிடுங்கள். கோடு விழலாம், சொல் மாறக் கூடாது.

இரண்டாவது, அமைப்புக்கென்று தனி அகராதி ஒன்றைத் தொடங்குங்கள். லிப்ரே ஆஃபீஸில் 'டூல்ஸ்' மெனுவில் 'ஆப்ஷன்ஸ்', அதில் மொழி அமைப்புகளின் கீழ் 'ரைட்டிங் எய்ட்ஸ்'. அங்கே 'நியூ' கொடுத்துப் பெயர் வைத்து, மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுத்தால் போதும். அந்த ஃபைல் வெறும் எழுத்துகளால் ஆனது. நகலெடுத்து இன்னொரு கம்ப்யூட்டரில் வைக்கலாம். ஊர்ப் பெயர்கள், தெருப் பெயர்கள், சட்டச் சொற்கள், சமூகப் பெயர்களின் எல்லா எழுத்து வடிவங்கள், பேச்சு வடிவங்கள் எல்லாவற்றையும் ஏற்றுங்கள்.

மூன்றாவது, தமிழுக்கே உரிய சிக்கல். 'சேரி' என்று சேர்த்தால் அந்த ஒரு வடிவம் மட்டுமே ஏறும். 'சேரிக்காரர்களுக்கும்' மறுபடி சிவப்பாகும். லிப்ரே ஆஃபீஸின் 6.0 பதிப்பிலிருந்து, சொல்லைச் சேர்க்கும்போது 'இந்தச் சொல்லைப் போல விகுதி ஏற்கும்' என்று ஏற்கெனவே அகராதியில் உள்ள ஒரு மாதிரிச் சொல்லைப் பக்கத்தில் கொடுக்கலாம். உங்கள் கம்ப்யூட்டரில் நிறுவிய தமிழ் அகராதியில் விகுதி விதிகள் எந்த அளவுக்கு இருக்கின்றனவோ அந்த அளவுக்கு அது பலன் தரும். உலாவிகளில் இந்த வசதி இல்லை, ஒவ்வொரு வடிவமாகத்தான் ஏற்ற வேண்டும். இன்னொன்று: யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாக உள்ளிட முடியும். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் மெஷினுக்கு அவை வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பில் சொல் சேர்த்தும் கோடு போகவில்லை என்றால், அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டிப் பாருங்கள்.

நான்காவது, இதற்கு எதிர்த்திசை அகராதி. லிப்ரே ஆஃபீஸில் 'விலக்கு' வகை அகராதி ஒன்றும் உருவாக்கலாம். அதில் ஏற்றும் சொல் பிழையாகக் காட்டப்படும், பதிலுக்கு என்ன எழுதலாம் என்ற பரிந்துரையும் வரும். 'அரிஜன்' என்று யாராவது அடித்தால் சிவப்புக் கோடு விழச் செய்யலாம், அருகில் 'தலித்' அல்லது 'ஆதிதிராவிடர்' என்று காட்டச் செய்யலாம். நூறு ஆண்டுகளாக நம் மீது விழுந்த கோட்டை இடம் மாற்றிப் போடும் வசதி இது. ஆனால் இதை நம் அறிக்கைகளுக்கும் கட்டுரைகளுக்கும் மட்டும் வையுங்கள். வாக்குமூலத்திலும் வரலாற்று ஆவணத்திலும் வசைச்சொல் இருந்தபடியே இருக்க வேண்டும். அங்கே அழகுபடுத்தினால் குற்றவாளிக்குத்தான் லாபம்.

ஐந்தாவது, எச்சரிக்கை. சொந்த அகராதி ஃபைல் பூட்டில்லாத பெட்டி. புகார்தாரரின் பெயரை 'அகராதியில் சேர்' என்று கொடுத்தால், அந்தக் கம்ப்யூட்டரைத் திறக்கும் யாரும் அந்தப் பெயரைப் படிக்கலாம். கணக்கோடு இணைத்த உலாவி என்றால் மற்றக் கருவிகளுக்கும் போகலாம். சில உலாவிகளின் 'மேம்பட்ட' சரிபார்ப்பு, நாம் தட்டுவதையே நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பித்தான் சரிபார்க்கும். பாதிக்கப்பட்டவர்கள், சாட்சிகள் பெயர் எந்த அகராதியிலும் ஏறக் கூடாது. அங்கே சிவப்புக் கோடு இருப்பதே பாதுகாப்பு.

சொல் சேகரிப்பது சின்ன வேலை என்று யாராவது சொன்னால், கி. ராஜநாராயணனைக் காட்டுங்கள். கரிசல் வட்டாரச் சொற்களை நண்பர்கள், வாசகர்கள் துணையோடு திரட்டி, பல்கலைக்கழகமோ அரசோ பொறுப்பேற்கும்வரை காத்திராமல் 1982இல் அகராதி கொண்டுவந்தார். பின்னர் புதுச்சேரிக்கு வந்து, 2021இல் இங்கேயே காலமானார். பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்குச் செய்தார். 1992இல் இரண்டு புத்தகங்கள் வெளிவந்தன. ஒன்று க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. மற்றொன்று பாமாவின் 'கருக்கு'. ஒன்று இன்றைய எழுத்துத்தமிழை வரையறுத்தது. மற்றொன்று, தலித் மக்களின் பேச்சு எந்த மன்னிப்பும் கேட்காமல் இலக்கியமாக நிற்கும் என்று காட்டியது. இவை இரண்டும் சந்திக்கும் சொற்பட்டியல் நம் கம்ப்யூட்டரில் இன்னும் உருவாகவில்லை. அதை உருவாக்கத் தேவைப்படுவது நம்மிடமே இருக்கிறது: ஒரு ஃபைல், சில பாட்டிகள், கேட்கப் பொறுமையுள்ள சில இளைஞர்கள்.

ஒவ்வொரு வாரமும் இருபது சொற்கள் என்று வைத்துக்கொண்டால் ஓர் ஆண்டில் ஆயிரத்தைத் தாண்டும். வேலைச் சொற்கள், கருவிச் சொற்கள், பறையின் அடிகளுக்கான பெயர்கள், உறவுச் சொற்கள், கூலியையும் அளவையும் குறித்த சொற்கள், ஊரும் சேரியும் ஒன்றையொன்று அழைத்த சொற்கள். சொன்னவரின் அனுமதியோடு எழுதுங்கள், எந்த ஊரில் கேட்டது என்று குறியுங்கள், பொருளை அவர் சொன்னபடியே பதியுங்கள். எந்தச் சொல்லைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்பதில் நமக்குள் சண்டை வரும். அயோத்திதாசருக்கும் இரட்டைமலை சீனிவாசனுக்கும் இடையிலேயே வந்தது, நமக்கு வராதா? அந்தச் சண்டையைக் கூட்டம் போட்டு நடத்துவோம். முடிவை எங்கோ இருக்கும் ஒரு பட்டியலிடம் விட்டுவிட வேண்டாம்.